மண்டி வீட்டில் காணாமல் போன பிரிண்டர்: வீட்டு நெட்வொர்க்கின் ஐபி முகவரிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி போகும் சாலையை ஒட்டிய மாடி வீடு. கீழே மாங்காய் மண்டியின் அலுவலகம், மேலே குடும்பம். பெரியவர் மண்டியைப் பார்க்கிறார். மூத்த மகன் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். இளைய மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. காலையில் பஸ் ஏறினால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு. மகள் கல்லூரியில் படிக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்பதால் இவர்களைப் பற்றி இதற்கு மேல் விவரம் இல்லை.

நெட்வொர்க் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கீழே ஃபைபர் இணைப்பு வந்து சேரும் ஓஎன்டி பெட்டி. அதில் வைஃபையும் உண்டு. பில் போடும் கம்ப்யூட்டர் கேபிளில் ஓடுகிறது, லேசர் பிரிண்டர் வைஃபையில். கேமராப் படங்களைப் பதிவுசெய்ய ஒரு டிவிஆர் பெட்டி. மாடிக்கு வைஃபை எட்டாததால் மூத்த மகன் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து கேபிள் இழுத்து இணைத்திருந்தார். இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட். மாடிப்படி ஏறும்போது போன் தானாக மாறிக்கொள்ளட்டும் என்ற எண்ணம். அது நல்ல யோசனைதான்.

ஓஎன்டிக்கும் பில் கம்ப்யூட்டருக்கும் இன்வெர்ட்டர் உண்டு. கரண்ட் போனாலும் மண்டியில் யுபிஐ பணம் வர வேண்டும். பிரிண்டர், டிவிஆர், மாடி ரவுட்டர் மூன்றுக்கும் இன்வெர்ட்டர் இல்லை. இந்த விவரத்தை யாரும் முதலில் சொல்லவில்லை. பிறகு இதுதான் முக்கியமான தடயமாக இருந்தது.

புகார்

மே மாதக் கடைசி. பெங்களூரா என்ற மாங்காய் ரகம் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் நேரம். லோடுக்கு லோடு பில் வேண்டும்; பிரிண்டர் நின்றால் வாசலில் வண்டி நிற்கும். பெரியவர் போனில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “கரண்ட் போய் வந்தா பில்லு வர்றதில்லைங்க. சில நாள் வருது. பிரிண்டரை மாத்திடலாமா?”

அதற்கு முன்பே பிரிண்டர் டிரைவரை அழித்து மறுபடி ஏற்றியிருந்தார்கள். இணைய நிறுவனத்தில் புகார் கொடுத்து, ஆள் வந்து, லைன் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னது உண்மை, லைனில் குறையே இல்லை. மாடியில் வேறொரு தலைவலி. மூத்த மகனின் லேப்டாப்பில் சில நாள் யூடியூப் ஓடும், ஆனால் பேங்க் பக்கம் திறக்காது. வைஃபை சிக்னல் கோடுகள் எல்லாம் முழுசாகத் தெரியும். இரவானால் டிவிஆர் படம் போனில் வராது.

மூன்றும் தனித்தனிப் பழுது என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டாமல், முதலில் ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னேன்: எப்போது கெட்டது, அதற்கு முன் கரண்ட் போனதா, அந்த நேரத்தில் அந்தக் கருவி எந்த ஐபி முகவரியில் (வலையில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் எண்) இருந்தது. பிரிண்டரின் சின்னத் திரையில் நெட்வொர்க் மெனுவில் எண் தெரியும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளை காட்டும். மகள் இதைப் பொறுப்பாகச் செய்தார்.

கவனித்தவை

நோட்டைப் பார்த்ததும் பாதி விஷயம் புரிந்துவிட்டது. பில் கம்ப்யூட்டர் எப்போதும் 192.168.1.7. பிரிண்டர் நல்ல நாளில் 192.168.1.12, கெட்ட நாளில் 192.168.0.104. மாடி லேப்டாப்பும் அப்படியே: பேங்க் பக்கம் திறக்காத நாளில் எல்லாம் மூன்றாவது எண் 0.

இங்கே கொஞ்சம் அடிப்படை. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொதுவாக ஒதுக்கப்பட்டவை. 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையும் அப்படித்தான். 1996-ல் இந்த ஒதுக்கீடு இப்போதைய வடிவத்துக்கு வந்தது. ஐபிவி4 என்ற இந்தப் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் என்பதால், வீட்டுக்குள் யாரும் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கூடவே வரும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்குக்குப் பொருள்: முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால்தான் அக்கம்பக்கம், நேரடியாகப் பேசலாம். இல்லையென்றால் கேட்வேயிடம், அதாவது வெளியே போகும் வாசலாக இருக்கும் பெட்டியிடம், கொடுத்துவிடு. 192.168.1.7-ல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு 192.168.0.104 வெளியூர். பில்லைத் தூக்கி ஓஎன்டியிடம் கொடுக்கும். அப்படியொரு ஊர் இருப்பதே ஓஎன்டிக்குத் தெரியாது. பிரிண்டர் பக்கத்து மேசையில் இருந்தும் பில் வராததன் காரணம் இதுதான்.

அப்படியானால் 0 வரிசையை யார் கொடுக்கிறார்கள்? வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுப்பது டிஎச்சிபி என்ற சேவை. புதிதாக வரும் கருவி “எனக்கு ஒரு எண் கொடுங்கள்” என்று வலையில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். டிஎச்சிபி சர்வர் ஓர் எண்ணை நீட்டும். இரண்டு சர்வர் இருந்தால் இரண்டும் நீட்டும். பெரும்பாலான கருவிகள் முதலில் வந்ததை எடுத்துக்கொள்ளும்.

மாடி ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன். கீழிருந்து வரும் கேபிள், இன்டர்நெட் என்று எழுதிய நீல போர்ட்டில் இல்லை. வீட்டுக் கருவிகளைச் செருகும் மஞ்சள் லேன் போர்ட் ஒன்றில் இருந்தது. கேட்டதற்கு மூத்த மகன் காரணம் சொன்னார். முதலில் நீலத்தில்தான் செருகியிருந்தார். அப்போது மாடியிலிருந்து பிரிண்டரைத் தேடினால் பட்டியலில் வரவில்லை. யாரோ லேனில் மாட்டச் சொன்னார்கள், மாட்டினார், பிரிண்டர் தெரிந்தது. அந்த யோசனை பாதிதான் சரி. லேனில் மாட்டினால் மாடியும் கீழும் ஒரே வலை ஆகிவிடும், பிரிண்டர் தெரியும். ஆனால் மாடி ரவுட்டரின் டிஎச்சிபியை அணைக்க வேண்டும் என்ற மீதிப் பாதியை யாரும் சொல்லவில்லை. அதனால் ஓஎன்டி 192.168.1.2 முதல் 254 வரை கொடுத்துக்கொண்டிருந்தது. மாடி ரவுட்டர் 192.168.0.100 முதல் 199 வரை கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது பெட்டி தன்னையே கேட்வே என்று சொல்லும். அதன் நீல போர்ட்டோ காலி. அதை நம்பியவருக்கு வெளியே போக வழி கிடையாது.

யூடியூப் மட்டும் ஓடியது எப்படி? ஓஎன்டி ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியையும் விளம்பிக்கொண்டிருந்தது. அந்த விளம்பரம் கேபிள் வழியாக மாடிக்கும் போகும்; மாடி ரவுட்டர் அதில் தலையிடவில்லை. ஐபிவி6-ல் கிடைக்கும் தளங்கள் திறந்தன, ஐபிவி4 மட்டும் உள்ள தளங்கள் திறக்கவில்லை. இந்த மாதிரி அரைகுறைப் பழுதுதான் ஆளை அலைக்கழிக்கும். முழுசாகச் செத்திருந்தால் முதல் வாரமே கண்டுபிடித்திருப்பார்கள்.

உறுதி செய்த விதம்

ஊகம் சரியா என்று பார்க்க ஒரு லேப்டாப் போதும். இடைக் கேபிளைக் கழற்றிவிட்டு மாடி ரவுட்டரில் மட்டும் சேர்த்தால் 0 வரிசை, ஓஎன்டியில் மட்டும் சேர்த்தால் 1 வரிசை. கேபிளை மறுபடி மாட்டிவிட்டு, முகவரியைக் கைவிட்டுப் புதிதாகக் கேட்கச் செய்தால் ஒரு தடவை இது, ஒரு தடவை அது. ஐபிகான்ஃபிக் கட்டளையின் விரிவான வடிவத்தில் ‘டிஎச்சிபி சர்வர்’ என்று ஒரு வரி வரும். எண் கொடுத்தது யார் என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டு நெட்வொர்க் பழுதில் நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

கரண்ட் சங்கதியும் இப்போது பொருந்தியது. கரண்ட் போனால் ஓஎன்டி உயிரோடு இருக்கும், பிரிண்டரும் மாடி ரவுட்டரும் அணையும். திரும்பி வரும்போது பிரிண்டர் முதலில் எழுந்தால் ஓஎன்டியிடம் எண் வாங்கும், பில் வரும். ரவுட்டர் எழுந்த பிறகு பிரிண்டர் கேட்டால், இரண்டு பெட்டியில் எது முந்துகிறதோ அதன் எண். ஒருமுறை தவறான எண்ணை வாங்கிவிட்டால் அது சீக்கிரம் மாறாது. எண்ணுக்குத் தவணை உண்டு (மாடி ரவுட்டரில் 2 மணி நேரம், ஓஎன்டியில் 24 மணி நேரம்). பாதித் தவணை கழிந்ததும் கருவி அதே சர்வரிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால்தான் கெட்ட நாள் என்றால் நாள் முழுக்கக் கெட்ட நாள்.

முதல் முடிவு: ஒரே டிஎச்சிபி

இரண்டு வழி இருந்தது. கேபிளைத் திரும்ப நீல போர்ட்டில் மாட்டி மாடியைத் தனி வலையாக்குவது ஒன்று. அலுவலக லேப்டாப் மண்டி கம்ப்யூட்டரிலிருந்து பிரிந்திருக்கும், பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் பிரிண்டர் மறுபடி மாடிக்குத் தெரியாது, டிவிஆர் மென்பொருளும் தானாகத் தேடிக் கண்டுபிடிக்காது. மற்றது, மாடி ரவுட்டரின் டிஎச்சிபியை அணைத்து அதை வெறும் வைஃபை புள்ளியாக வைத்துக்கொள்வது. குடும்பம் பிரிண்டரை மேலும் கீழும் பயன்படுத்துவதால் இரண்டாவதைத் தேர்ந்தோம். எண் கொடுக்கும் வேலை ஓஎன்டிக்கே. கரண்ட் போனாலும் நிற்காத பெட்டி அது ஒன்றுதான்.

செய்யும் வரிசை முக்கியம். இடைக் கேபிளைக் கழற்றி, லேப்டாப்பைக் கேபிளால் மாடி ரவுட்டரில் சேர்த்து, முதலில் ரவுட்டரின் சொந்த முகவரியை 192.168.0.1-லிருந்து 192.168.1.2 ஆக்கினோம். அது மறுபடி எழுந்ததும் புதிய முகவரியில் உள்ளே போய் டிஎச்சிபியை அணைத்தோம். டிஎச்சிபியை முதலில் அணைத்தால், லேப்டாப் இணைப்பு ஒருமுறை விட்டதும் எண் கொடுக்க ஆளிருக்காது. விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும், ரவுட்டரின் பக்கம் திறக்காது. கையால் எண் போட்டுச் சமாளிக்கலாம்தான், ஆனால் எதற்கு வம்பு.

மூத்த மகன் ஒன்று கேட்டார்: “அப்படியே மொத்தத்தையும் 10.0.0 வரிசைக்கு மாத்திடலாமாண்ணா? பார்க்க சுத்தமா இருக்கும்.” வீட்டிலிருந்தே அலுவலக நெட்வொர்க்கில் சேர அவர் பயன்படுத்தும் விபிஎன் உள்ளே 10 வரிசையில்தான் இயங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரே வரிசை என்றால் எந்த எண் வீட்டில், எந்த எண் பெங்களூரில் என்று லேப்டாப் குழம்ப வாய்ப்புண்டு. வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அன்று வேறு எதையும் தொடவில்லை. டிவிஆர் பிரச்சினையும் இதிலேயே தீருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே நாளில் நாலு மாற்றம் செய்தால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாது. சீசன் நடுவில் புதிதாக ஒன்று கெட்டாலும் தாங்காது.

இரண்டாவது பழுது

பில் ஒழுங்காக வந்தது, லேப்டாப் சரியானது. ஆனால் டிவிஆர் முன்போலவே இரவில் மட்டும் மறைந்தது. பகலில் கம்ப்யூட்டரிலும் போனிலும் படம் நன்றாக ஓடும்.

கேமரா பொருத்திய ஆள் டிவிஆருக்கு 192.168.1.10 என்று கையால் எண் போட்டிருந்தார். ஓஎன்டியோ 2 முதல் 254 வரை எல்லாம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தது. கையால் போட்ட எண் டிஎச்சிபி கொடுக்கும் வரம்புக்குள்ளேயே கிடந்தது. டிவிஆர் அணைந்திருக்கும் ஒரு கரண்ட் வெட்டில் யாராவது எண் கேட்டால், ஓஎன்டி பார்வையில் 10 காலி. கொடுத்துவிடும். போன்கள் முன்பு வாங்கிய எண்ணையே திரும்பக் கேட்கும் பழக்கம் உள்ளவை.

யார் வாங்கியது என்று கண்டுபிடிக்க, பில் கம்ப்யூட்டரில் ஏஆர்பி பட்டியலைப் பகலில் ஒரு தடவையும் இரவில் ஒரு தடவையும் பார்க்கச் சொன்னேன். எந்த ஐபி எண்ணுக்குப் பின்னால் எந்த மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) என்பதை அந்தப் பட்டியல் காட்டும். பகலில் 10-க்கு ஒரு மேக், இரவில் வேறொரு மேக். இரவு மேக்கின் இரண்டாவது எழுத்து ஏ. அந்த இடத்தில் 2, 6, ஏ, ஈ என்ற நான்கில் ஒன்று வந்தால், அது கருவி செய்த இடத்தில் பதித்த எண் அல்ல, பிறகு தானே உருவாக்கிக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10-லிருந்து போன்கள் வைஃபைக்கு இப்படித்தான் மேக் உருவாக்கிக்கொள்கின்றன. ஆகவே அது ஒரு போன், இரவில் வீட்டுக்கு வரும் போன். இளைய மகன் தன் போனில் வைஃபை விவரத்தைத் திறந்தார்: 192.168.1.10.

இரண்டாவது முடிவு: எண் திட்டம்

டிவிஆருக்கு வேறு எண் போட்டால் அன்றைக்குச் சரியாகும், ஆனால் அடுத்த மாதம் வேறொரு போன் அதையும் பிடிக்கும். அதனால் ஓஎன்டியின் வரம்பையே சுருக்கினோம். டிஎச்சிபி இனி 100 முதல் 199 வரைதான் கொடுக்கும். ஒரே நேரத்தில் நூறு கருவிகள் இந்த வீட்டில் வரப்போவதில்லை. 50-க்குக் கீழே கையால் போடும் எண்கள். தாளில் எழுதி ஓஎன்டி பக்கத்துச் சுவரில் ஒட்டியது இது:

192.168.1.1 – ஓஎன்டி
192.168.1.2 – மாடி ரவுட்டர் (டிஎச்சிபி அணைந்திருக்க வேண்டும், கேபிள் மஞ்சளில்)
192.168.1.10 – டிவிஆர்
192.168.1.20 – பிரிண்டர்
192.168.1.100 முதல் 199 – மற்ற எல்லாம், தானாக
மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1

பிரிண்டருக்கு 20 போட்ட பிறகு, பில் கம்ப்யூட்டரில் பிரிண்டர் போர்ட்டையும் அந்த எண்ணுக்கு மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டு, எண்ணை மாற்றியும் பில் வரவில்லை என்று சொல்பவர்கள் நிறைய. பழைய தவணைகள் ஒழிய எல்லாக் கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போட்டோம்.

பிரிண்டருக்கு ஓஎன்டியிலேயே எண்ணைப் பதிவுசெய்து வைக்கும் வழியும் உண்டு. மேக் முகவரியைக் கொடுத்து, இதற்கு எப்போதும் 20 கொடு என்று சொல்லலாம். எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும் என்பது அதன் வசதி. ஆனால் இணைய நிறுவனம் கொடுத்த கணக்கில் அந்தப் பக்கம் பூட்டியிருந்தது, எனவே கையால்தான்.

இடையில் பெரியவர் கேட்ட ஒரு கேள்வியையும் சொல்லிவிட வேண்டும். வெளியூரிலிருந்து கேமரா பார்க்க மாதச் செலவில் ‘ஸ்டேடிக் ஐபி’ வாங்கச் சொல்லியிருந்தார்களாம். டிவிஆருக்கு நாம் போட்ட 10 வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். அவர்கள் விற்பது இணையத்தில் செல்லும் எண். ஓஎன்டியின் வெளிப்பக்க முகவரியைப் பார்த்தால் 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை உள்ள வரிசை, பல வீடுகளை ஒரே பொது எண்ணுக்குப் பின்னால் வைக்க நிறுவனங்கள் பயன்படுத்துவது. அந்த நிலையில் ஓஎன்டியில் போர்ட் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. ஆனால் இவர்களுடைய டிவிஆர் சீரியல் எண்ணை வைத்துச் செயலி வழியாக இணையும் வகை. படம் ஏற்கெனவே ஓசூரிலும் தெரிந்துகொண்டிருந்தது. எண் மோதல் தீர்ந்ததும் இரவிலும் தெரிந்தது. மாதச் செலவு தேவைப்படவில்லை.

பின் நடந்தவை

ஜூன், ஜூலை முழுக்க எந்தப் புகாரும் இல்லை. கரண்ட் போய் வந்தது, பில்லும் வந்தது.

அக்டோபரில் ஒரு மாலை இடிமழையில் ஓஎன்டி எரிந்துபோனது. மறுநாள் நிறுவனத்தின் ஆள் வேறு பெட்டி வைத்து, பழைய வைஃபை பெயரையே போட்டு, போனில் நெட் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். புதிய பெட்டியின் சொந்த முகவரி 192.168.100.1. போன்கள் எல்லாம் 100 வரிசைக்குப் போய்விட்டன. மாடி வைஃபைக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெறும் வைஃபை புள்ளியாக இருக்கும் ரவுட்டர், தன் எண் பொருந்தாவிட்டாலும் போக்குவரத்தைக் கடத்திவிடும். கையால் எண் போட்ட டிவிஆரும் பிரிண்டரும்தான் தனித்து நின்றன.

இந்த முறை நான் போக வேண்டியிருக்கவில்லை. மகள் சுவர்த் தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு போனில் கூப்பிட்டார். புதிய பெட்டிக்குள் போய் அதன் முகவரியை 192.168.1.1 ஆக்கி, வரம்பை 100 முதல் 199 என்று மாற்றி, எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். அடுத்த லோடுக்கு பில் வந்தது.

மாற்ற நினைப்பவை

ஓஎன்டி வீட்டுக்காரர் பொருள் அல்ல. அது கெட்டாலும், நிறுவனம் மாறினாலும் எண் திட்டமும் அதோடு போய்விடுகிறது. அதனால் எண் கொடுக்கும் வேலையை வீட்டின் சொந்த ரவுட்டருக்கு மாற்றுவதாக இருக்கிறோம். ஓஎன்டியிலிருந்து வரும் கேபிள் ரவுட்டரின் நீல போர்ட்டுக்குப் போகும், ஓஎன்டியின் வைஃபை அணையும், பில் கம்ப்யூட்டரும் டிவிஆரும் ரவுட்டரின் மஞ்சள் போர்ட்டுகளுக்கு வரும். வரிசையும் மாறும். ரவுட்டரின் இரண்டு பக்கமும் ஒரே வரிசை இருக்கக் கூடாது. ஓஎன்டி எது வந்தாலும் 0, 1, 100 என்ற வழக்கமான எண்களில் ஒன்றாக இருக்கும் என்பதால், உள்ளே 192.168.47 போல யாரும் தொடாத ஒன்று. வீட்டு எண்ணை வெளி எண்ணாக மாற்றும் வேலை ரவுட்டர், ஓஎன்டி என்று இரண்டு இடத்தில் நடப்பது விளையாட்டுகளுக்கும் சில விபிஎன்களுக்கும் இடைஞ்சல் தரலாம். மூத்த மகனின் விபிஎன்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி வைத்துப் பார்த்தோம், ஓடியது.

இதை மே மாதமே செய்ய வழியில்லை. ரவுட்டர் மாடியில், இன்வெர்ட்டர் லைன் கீழே. கரண்ட் போனதும் அணைகிற பெட்டியை நம்பி மண்டியின் யுபிஐயை வைக்க முடியாது. ரவுட்டரைக் கீழே ஓஎன்டி பக்கத்துக்குக் கொண்டுவந்து, மாடிக்குச் சின்ன வைஃபை பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்வதாகப் பேசியிருக்கிறது. பிரிண்டருக்கும் டிவிஆருக்கும் இன்வெர்ட்டர் லைன் இழுக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லியாயிற்று. லேசர் பிரிண்டர் சூடாகும்போது கரண்ட் அதிகம் இழுக்கும் என்பதால் இன்வெர்ட்டர் தாங்குமா என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மார்ச்சுக்குள் முடித்தால் அடுத்த சீசனுக்கு முன் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க நேரம் இருக்கும்.